ரஷ்யா ஃபெடரேஷன் எட்டெரி பொண்ணுங்களுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணுதா? ட்ருசோவா, துக்தமிஷேவா விஷயத்துல உண்மை என்ன?

பனித்தரை_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஃபிகர் ஸ்கேட்டிங் பக்கம் வந்ததே பெய்ஜிங் 2022 ஒலிம்பிக்ஸ் கலாட்டாவுக்கு அப்புறம் தான், அதுக்கு முன்னாடி நடந்தது எல்லாம் பழைய வீடியோ பார்த்து ஒவ்வொண்ணா தெரிஞ்சுக்கிறேன். ட்ருசோவா ஃப்ரீ ஸ்கேட்ல (போட்டியோட ரெண்டாவது, பெரிய சுற்று) அஞ்சு க்வாட் (காத்துல நாலு சுத்து சுத்துற ஜம்ப்) போட்டுட்டு வெள்ளி தான் வந்ததும் அழுது, கோச்சை கிட்ட வர விடாம தள்ளி, எல்லாருக்கும் தங்கம் இருக்கு எனக்கு மட்டும் இல்ல, இந்த ஸ்போர்ட்டையே வெறுக்கிறேன்னு கத்துறாங்கல்ல, அந்த வீடியோவை பார்த்தப்போ எனக்கு நெஜமாவே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அந்த வீடியோ கீழ கமெண்ட் எல்லாம் படிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவங்க நடுவுல மாஸ்கோ கோச் எட்டெரி டுட்பெரிட்ஸேவை விட்டுட்டு முன்னாள் சாம்பியன் ப்ளுஷென்கோ கிட்ட போனாங்க, அதுக்கு பழி வாங்கிட்டாங்கன்னு ஒரு க்ரூப். மார்க்லயே கை வச்சாங்கன்னு இன்னொரு க்ரூப். துக்தமிஷேவா உலக சாம்பியன், ஆனா ஒரு ஒலிம்பிக்ஸுக்கு கூட அனுப்பல, ஏன்னா அவங்க மாஸ்கோ ஆள் இல்லன்னு இன்னும் சிலர். ஃபெடரேஷன் உண்மையிலேயே ஒரு கோச்சோட பொண்ணுங்களை மட்டும் தூக்கி விடுதா, இல்ல தோத்தவங்க ரசிகர்கள் கட்டுற கதையா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, சண்டை போடாதீங்க ப்ளீஸ்.

லுட்ஸ்_எட்ஜ்:

சண்டை போடாம இந்த டாபிக்ல பேச முடியாது நண்பா, இருந்தாலும் ட்ரை பண்றேன்.

முதல்ல மார்க் விஷயத்தையும் செலக்‌ஷன் விஷயத்தையும் தனித்தனியா பிரிச்சுக்கோங்க. தனிநபர் போட்டியில ட்ருசோவாவுக்கு அநியாயம் நடந்துச்சுன்னு நான் நினைக்கல. ஃப்ரீ ஸ்கேட்ல அவங்க தான் முதல் இடம், 177.13, தங்கம் வாங்கின ஷெர்பகோவா 175.75. தங்கம் போனது ஷார்ட் ப்ரோக்ராம்ல, அதாவது முதல் சுற்றுல. அதுல பொண்ணுங்களுக்கு க்வாட் போட அனுமதியே கிடையாது, ட்ருசோவாவோட ஆயுதமே க்வாட் தான், அதனால ட்ரிபிள் ஆக்சல் (மூணரை சுத்து ஜம்ப்) ட்ரை பண்ணி விழுந்தாங்க, 74.60 தான் வந்துச்சு. ஷெர்பகோவா சுத்தமா ஆடி 80.20 எடுத்துட்டாங்க. கடைசியில 255.95, 251.73. ஸ்பின், ஸ்டெப்ஸ், ப்ரோக்ராமை முழுசா கொண்டு போற விதம், இதுல எல்லாம் ஷெர்பகோவா ஒரு படி மேல தான், அதை ட்ருசோவா வெறியர்களே தனியா கேட்டா ஒத்துப்பாங்க.

ஆனா "எல்லாருக்கும் தங்கம் இருக்கு எனக்கு மட்டும் இல்ல"ன்னு சொன்னாங்க பாருங்க, அதுல தான் ஓரவஞ்சனை ஒளிஞ்சிருக்கு, அது தனிநபர் போட்டி பத்தினது மட்டும் இல்ல. டீம் ஈவெண்ட் பத்தினதும் தான். அந்த ரூல் தெரியாதவங்களுக்கு: ஒரு நாடு ஷார்ட்டுக்கு ஒருத்தரையும் ஃப்ரீக்கு வேற ஒருத்தரையும் இறக்கலாம், ஆண், பெண், ஜோடி, டான்ஸ் நாலுல ரெண்டு பிரிவு வரைக்கும் அப்படி மாத்திக்கலாம். பெய்ஜிங்ல ரஷ்யா ஒண்ணுல கூட மாத்தல. மொத்தமே ஆறு பேர் தான் ஆடினாங்க, பொண்ணுங்கள்ல எட்டெரியோட இன்னொரு ஸ்டூடண்ட் வலியேவா, ஷார்ட்டும் அவங்களே ஃப்ரீயும் அவங்களே. ரெண்டு சான்ஸ் கையில சும்மா கிடந்துச்சு. ஃப்ரீ ஸ்கேட்ல ட்ருசோவாவை இறக்கியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? ரெண்டு விழுந்தா கூட போட்டி தாங்குற அளவுக்கு லீட் இருந்துச்சு.

இதே ஆளுங்க 2018-ல என்ன பண்ணாங்கன்னு பாருங்க. மெட்வெதேவா ஷார்ட், ஜகிடோவா ஃப்ரீ. ஆளுக்கு ஒரு மெடல், அழுகை இல்ல. அப்போ எப்படி பண்றதுன்னு தெரியாம இல்ல, தெரிஞ்சும் பண்ணல. 2022-ல ஃபெடரேஷனுக்கு வலியேவா தான் போஸ்டர், மத்த ரெண்டு பேர் துணைக்கு.

மிஷின்_கட்சி:

ட்ருசோவாவுக்காவது ஒலிம்பிக்ஸ் ஐஸ்ல கால் வைக்க கிடைச்சுது. எங்க லிசா துக்தமிஷேவா கதையை யாருகிட்ட சொல்லி அழுறது. 2015-ல ஷாங்காய்ல உலக சாம்பியன், அதுவும் ட்ரிபிள் ஆக்சலோட, அந்த காலத்துல பொண்ணுங்கள்ல அதை போடுறவங்க விரல் விட்டு எண்ணலாம், சோச்சி 2014-க்கும் இல்ல, பியோங்சாங் 2018-க்கும் இல்ல, பெய்ஜிங் 2022-க்கும் இல்ல, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம், ஒரு தடவை ஃபார்ம் இல்ல, ஒரு தடவை புதுசா மூணு குட்டிப் பொண்ணுங்க வந்துட்டாங்க, ஒரு தடவை க்வாட் இல்ல.

சரி சோச்சியையும் பியோங்சாங்கையும் விடுங்க, அப்போ அவங்க ஃபார்ம் சரியில்லன்னு நானே ஒத்துக்கிறேன். 2019 தான் எனக்கு ஆறாத விஷயம். அந்த சீசன்ல லிசா ஸ்கேட் கனடா ஜெயிச்சாங்க, வான்கூவர்ல க்ராண்ட் ப்ரீ ஃபைனல்ல வெண்கலம். மெட்வெதேவா அந்த ஃபைனலுக்கே தகுதி பெறல. அப்புறம் நேஷனல்ஸ் சமயத்துல லிசாவுக்கு நிமோனியா, ஆஸ்பத்திரியில இருந்தாங்க, ஆட முடியல. மெட்வெதேவா ஆடி ஏழாவது இடம். ஏழு! முதல் மூணு இடமும் வயசு பத்தாத ஜூனியர் பொண்ணுங்க ஷெர்பகோவா, ட்ருசோவா, கொஸ்டோர்னாயா எடுத்துட்டாங்க, அவங்க சீனியர் வேர்ல்ட்ஸ் போக முடியாது. அப்போ மூணாவது ஸ்பாட் யாருக்கு? நேரா "லிசா சீசன் ஃபுல்லா நல்லா ஆடினாங்க, அவங்க போகட்டும்"னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. அப்படி சொல்லாம பிப்ரவரியில ரஷ்யன் கப் ஃபைனல்ல பார்க்கலாம்னு இழுத்தாங்க, நிமோனியாவுல இருந்து எழுந்து வந்தவங்க அங்க போய் ஆடணும். மெட்வெதேவா ஜெயிச்சாங்க, ஜப்பான் சைதாமாவுல நடந்த வேர்ல்ட்ஸ் டிக்கெட் அவங்களுக்கு.

மாஸ்கோ பொண்ணு, முன்னாடி ரெண்டு தடவை உலக சாம்பியன், டிவி ஸ்டார். பீட்டர்ஸ்பர்க்ல மிஷின் கிட்ட ட்ரெயினிங் எடுக்குறவங்களுக்கு எப்பவும் இதே கதி தான்.

ஜென்யா_ஆர்மி:

மிஷின் கட்சி அண்ணே, பாதி கதையை மட்டும் சொல்லாதீங்க. அந்த சைதாமாவுல மெட்வெதேவா என்ன வாங்கினாங்க? வெண்கலம். அனுப்பினது தப்புன்னா மெடல் எப்படி வந்துச்சு? ரெண்டு பேரையும் ஒரே போட்டியில ஆட விட்டு ஜெயிச்சவங்களை அனுப்புறதை விட நியாயமா வேற என்ன வழி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

அதை விட முக்கியமான விஷயம், மெட்வெதேவா அப்போ எட்டெரி ஆளே இல்ல. 2018-ல சண்டை போட்டு கிளம்பி டொராண்டோவுல ப்ரையன் ஆர்சர் கிட்ட போயிட்டாங்க. வெளிநாட்டுக்கு போயிட்டாங்கன்னு ஊரே துரோகின்னு திட்டிட்டு இருந்த நேரம். ஃபெடரேஷன் எட்டெரி சொல்படி ஆடுதுன்னா அவங்களை எதுக்கு அனுப்பணும்? உங்க தியரி இங்கயே உடைஞ்சு போகுது.

உண்மையிலேயே ஓரவஞ்சனைன்னா அது மெட்வெதேவாவுக்கு 2018-ல நடந்தது. 2016, 2017 ரெண்டு வருஷமும் உலக சாம்பியன், அந்த ரெண்டு வருஷமும் தோல்வியே கிட்ட வரல, அப்புறம் ஒலிம்பிக்ஸ் சீசன்ல கால்ல எலும்பு அடி. அந்த கால் வலியோடவே டிசம்பர்ல லொசான் போய் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி (ஐஓசி) முன்னாடி நின்னு எங்க நாட்டு வீரர்களை ஆட விடுங்கன்னு பேசினது யாரு? இவங்க தான். வேலைக்கு இவங்க, தங்கத்துக்கு ஜகிடோவா. ஃப்ரீ ஸ்கேட்ல ரெண்டு பேருக்கும் அச்சு அசல் ஒரே மார்க், 156.65. ஷார்ட்ல வந்த 1.31 வித்தியாசத்துல தங்கம் போச்சு. ஜகிடோவா எல்லா ஜம்ப்பையும் ப்ரோக்ராமோட ரெண்டாவது பாதியில தள்ளி வச்சு பத்து சதவீத போனஸ் வாங்கினாங்க, அது ரூல் படி சரி தான், ஆனா அந்த சீசன் முடிஞ்சதும் சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் (ஐஎஸ்யு) அந்த ரூலையே மாத்தி ஃப்ரீயில கடைசி மூணு ஜம்ப்புக்கு மட்டும் தான் போனஸ்னு ஆக்கிடுச்சு, அதுல இருந்தே புரிஞ்சுக்கோங்க.

லுட்ஸ்_எட்ஜ்:

@ஜென்யா_ஆர்மி, 1.31 ல தோத்தது ஓரவஞ்சனை ஆகாது. ஜகிடோவாவோட லுட்ஸ்-லூப் காம்பினேஷனை (லுட்ஸ் ஜம்ப் முடிஞ்ச உடனே லூப் ஜம்ப்) போய் திரும்ப பாருங்க, ஃப்ரீயில முதல் லுட்ஸ்ல லேண்டிங் கொஞ்சம் தடுமாறி லூப்பை விட்டுட்டு, ஓடிட்டே இருக்கும்போது மனசுக்குள்ள ப்ளானை மாத்தி அடுத்த லுட்ஸ் வரும்போது அந்த லூப்பை அங்க ஒட்டினாங்க. பதினஞ்சு வயசுல ஒலிம்பிக்ஸ் ஃப்ரீ ஸ்கேட்ல அந்த நிதானம் எத்தனை பேருக்கு வரும்? அந்த ஜம்ப் அங்க வரலைன்னா தங்கம் மெட்வெதேவாவுக்கு தான். ரெண்டு பேரும் ஒரே கோச், ஒரே ரிங்க், ஒரே ஃபெடரேஷன், யாரு யாருக்கு சதி பண்றது?

மத்தபடி 2019 பத்தி நீங்க சொன்னது கரெக்ட். எட்டெரியை விட்டு போனவங்களையும் அனுப்பினாங்க. 2021-ல ஸ்டாக்ஹோம் வேர்ல்ட்ஸுக்கு துக்தமிஷேவாவை அனுப்பினாங்க, வெள்ளியோட வந்தாங்க, ரஷ்யாவுக்கு மூணு மெடலும். அதனால எட்டெரி பக்கம் மட்டும்னு சொல்ல முடியல.

சும்மா_ஸ்க்ரோல்:

மூணு ஸ்பாட்டுக்கு பதினஞ்சு உலக சாம்பியன் லெவல் பொண்ணுங்களை வளர்த்து வச்சா யாரை அனுப்பினாலும் பன்னெண்டு பேரோட ரசிகர்கள் சாபம் விடத்தான் செய்வாங்க 😂

பழைய_டேப்:

இந்த த்ரெட்ல எல்லாரும் எட்டெரி வந்தப்புறம் தான் இந்த நாட்டுல அரசியல் ஆரம்பிச்ச மாதிரி பேசுறீங்க. நான் தொண்ணூறுகள்ல இருந்து பார்க்கிறவன், கொஞ்சம் பெரிய பதிலா தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

அப்போ மரியா புதிர்ஸ்காயாவும் இரினா ஸ்லுட்ஸ்காயாவும். ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். ஸ்லுட்ஸ்காயா 1996, 97 யூரோப்பியன் சாம்பியன், சின்னப் பொண்ணு, எல்லாரும் அடுத்தது இவங்க தான்னு சொல்லிட்டு இருந்தாங்க. 1999-ல நேஷனல்ஸ்ல சறுக்கினாங்க, அவ்வளவு தான், யூரோப்புக்கும் இல்ல வேர்ல்ட்ஸுக்கும் இல்ல, முன்னாடி ரெண்டு பட்டம் வாங்கினவங்கன்னு எல்லாம் யாரும் பார்க்கல. அந்த வருஷம் ஹெல்சின்கியில 26 வயசு புதிர்ஸ்காயா தங்கம், உலக பட்டம் வாங்கின முதல் ரஷ்யப் பெண் அவங்க தான். சோல்டதோவா வெண்கலம். அப்போ நேஷனல்ஸ் ரிசல்ட்டை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷமே ஸ்லுட்ஸ்காயா திரும்பி வந்து யூரோப் ஜெயிச்சாங்க, அது வேற விஷயம்.

இப்போ 2014 வாங்க. ஆண்கள்ல ஒரே ஸ்பாட். நேஷனல்ஸ் ஜெயிச்சது கோவ்துன், ரெண்டாவது ப்ளுஷென்கோ. நேஷனல்ஸ் தான் கணக்குன்னா கோவ்துன் போகணும். கதவை சாத்திட்டு ப்ளுஷென்கோவை தனியா ஆட விட்டு பார்த்து அவரை அனுப்பினாங்க. டீம் தங்கம் வாங்கினார், தனிநபர் போட்டி அன்னைக்கு வார்ம்-அப்லயே முதுகு வலின்னு விலகிட்டார், சொந்த மண்ணுல நடந்த ஒலிம்பிக்ஸ்ல ஆண்கள் பிரிவுல ரஷ்யாவுக்கு ஆளே இல்ல. ஏன்னா ரூல் புக்ல கடைசி முடிவு பயிற்சியாளர் கவுன்சிலோடதுன்னு இருக்கு. ஒரு வருஷம் நேஷனல்ஸ் தான் எல்லாம்பாங்க, இன்னொரு வருஷம் சீசன் ஃபார்ம்பாங்க, இன்னொரு வருஷம் ரஷ்யன் கப் ஃபைனல்ல பார்க்கலாம்பாங்க. யாரை அனுப்பணும்னு முதல்ல மனசுக்குள்ள தோணும், அப்புறம் எந்த காரணம் பொருந்துதோ அதை எடுத்து ஒட்டுவாங்க. நான் பார்த்த வரைக்கும் இவங்க எந்த பொண்ணுக்கும் எந்த கோச்சுக்கும் விசுவாசம் கிடையாது. இன்னைக்கு யாரு ஜெயிப்பான்னு தோணுதோ அவங்க செல்லப் பிள்ளை, ஆறு மாசத்துல வேற ஆள்.

லிப்னிட்ஸ்காயாவையே எடுத்துக்கோங்க. சோச்சி டீம் ஈவெண்ட்ல ரெண்டு ப்ரோக்ராமும் அவங்க தான், சிவப்பு ட்ரெஸ்ல அந்த பொண்ணை உலகமே கொண்டாடிச்சு, 15 வயசு. நேஷனல் சாம்பியன் சோட்னிகோவா, அவங்களுக்கு டீம்ல இடம் இல்ல. பத்து நாள்ல என்ன ஆச்சு? லிப்னிட்ஸ்காயா ஷார்ட்ல விழுந்து அஞ்சாவது, ஒதுக்கி வச்ச சோட்னிகோவா தங்கம். அப்புறம் லிப்னிட்ஸ்காயாவை தேடினவங்க யாரு? 2017-ல அனோரெக்சியாவுக்கு சிகிச்சை எடுத்துட்டு ரிடயர்னு அறிவிச்சாங்க, 19 வயசு.

அந்த சோட்னிகோவா தங்கத்துலயும் ஒரு நெருடல் உண்டு. ஃப்ரீ ஸ்கேட் ஜட்ஜ் பேனல்ல ஆல்லா ஷெகோவ்சேவா இருந்தாங்க, யாருன்னு பார்த்தா பல வருஷம் ஃபெடரேஷன் தலைவரா இருந்த வாலண்டின் பிசேயெவோட மனைவி. அதே பேனல்ல இன்னொருத்தர் உக்ரைன் ஜட்ஜ் யூரி பால்கோவ், 1998 நாகானோ டான்ஸ் போட்டி விவகாரத்துல ஒரு வருஷம் சஸ்பெண்ட் ஆனவர். யூனா கிம் வெள்ளி, 219.11-க்கு எதிரா 224.59. கொரியா புகார் கொடுத்தது, தள்ளுபடி. யாரு எத்தனை மார்க் போட்டாங்கன்னு அப்போ பேரோட வெளியிட மாட்டாங்க, அந்த ரகசிய முறையை 2016-ல தான் ஐஎஸ்யு எடுத்தது. சோட்னிகோவா ஏழு ட்ரிபிள் போட்டாங்க, யூனா ஆறு, அதனால தங்கம் நியாயம்னு வாதாடலாம், நானே பாதி நாள் அப்படித்தான் வாதாடுவேன். ஆனா தலைவர் வீட்டு ஆளை அந்த நாற்காலியில உட்கார வச்சது எந்த கணக்குலயும் சரியில்ல.

மிஷின்_கட்சி:

@பழைய_டேப் ஐயா, நீங்க சொன்னதை ஏத்துக்கிறேன், ஆனா விசுவாசம் இல்லன்னு சொன்னீங்களே, அங்க தான் இடிக்குது. யாரு ஜெயிப்பான்னு எப்படி முடிவு பண்றாங்க? நேஷனல்ஸ் மார்க்கை வச்சு. நேஷனல்ஸ்ல மார்க் போடுறது யாரு? அதே ஃபெடரேஷன் ஜட்ஜுங்க. 2021 டிசம்பர் நேஷனல்ஸ்ல வலியேவாவுக்கு 283.48. சர்வதேச போட்டியில அவங்களோட உலக சாதனையே 272.71. உள்ளூர்ல பதினோரு பாயிண்ட் அள்ளிக் குடுத்து நீ தான் ராணின்னு உலகத்துக்கே சொல்றாங்க, சர்வதேச ஜட்ஜுங்களும் அந்த மனநிலையோட தானே பேனல்ல உட்காருவாங்க.

லுட்ஸ்_எட்ஜ்:

உள்ளூர் மார்க்கை ஊதி விடுறது எல்லா நாட்டுலயும் நடக்குது, ஜப்பான் நேஷனல்ஸ், அமெரிக்கா நேஷனல்ஸ் போய் பாருங்க. ஆனா அங்க மூணு பேருக்குள்ள இவ்ளோ வெட்டு குத்து இல்லாததால யாருக்கும் வலிக்கல.

பனித்தரை_புதுசு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரம் எதிர்பார்க்கல. ஒரு சந்தேகம். டீம் ஈவெண்ட்ல வலியேவாவுக்கு பதிலா ட்ருசோவாவையோ ஷெர்பகோவாவையோ இறக்கியிருந்தா அந்த தங்கம் இன்னைக்கும் ரஷ்யா கிட்டயே இருந்திருக்குமா? அப்புறம் ப்ளுஷென்கோ கிட்ட போனதுக்கு பழி வாங்கினாங்கன்றது எவ்ளோ தூரம் உண்மை?

லுட்ஸ்_எட்ஜ்:

முதல் கேள்விக்கு: ரெண்டு செக்மெண்ட்லயும் வலியேவா இல்லாம இருந்தா தான். பாதி மாத்தியிருந்தா பிரயோஜனம் இல்ல. டிசம்பர் 25 நேஷனல்ஸ்ல எடுத்த சாம்பிள்ல ட்ரைமெட்டாஸிடின்ங்கிற தடை செய்யப்பட்ட இதய மருந்து வந்துச்சு, அந்த ரிசல்ட் டீம் ஈவெண்ட் முடிஞ்சப்புறம் தான் வெளிய வந்துச்சு. 2024 ஜனவரியில விளையாட்டு நடுவர் மன்றம் (சிஏஎஸ்) நாலு வருஷ தடை போட்டதும் அவங்க பாயிண்ட் மட்டும் கழிஞ்சு ரஷ்யா மூணாவதா இறங்கிச்சு, தங்கம் அமெரிக்காவுக்கு போச்சு, 2024 ஆகஸ்ட்ல பாரிஸ்ல வச்சு மெடல் குடுத்தாங்க. அவங்க இல்லாத டீமா இருந்திருந்தா கழிக்க ஒண்ணும் இருந்திருக்காது. ஒரே ஆளை நம்பி எல்லாத்தையும் அவங்க தலையில வச்சதுக்கு கிடைச்ச பலன். அதுக்கும் பழி 15 வயசு பொண்ணு மேல, ஃப்ரீ ஸ்கேட்ல விழுந்து விழுந்து நாலாவதா வந்து வெளிய வரும்போது ஏன் விட்டுட்ட, ஏன் போராடலன்னு எட்டெரி கேமரா முன்னாடியே கேட்டாங்க, ஐஓசி தலைவரே பார்த்து பதறிட்டார்.

ரெண்டாவது கேள்வி: ட்ருசோவா 2020-ல போனாங்க, ஒரு சீசன் முடிஞ்சு 2021-ல திரும்பிட்டாங்க. கொஸ்டோர்னாயாவும் அப்படித்தான். பழின்னா திரும்பி சேர்த்துக்கவே மாட்டாங்களே. என் கணிப்பு, அது பழி இல்ல, வரிசை. போனவங்க வரிசையில பின்னாடி போயிடுவாங்க, முன்னாடி வலியேவா வந்து நின்னாச்சு.

ஜென்யா_ஆர்மி:

வரிசைன்னு நீங்க நாசூக்கா சொல்றதை தான் நாங்க ஓரவஞ்சனைன்னு சொல்றோம் 🙄

சும்மா_ஸ்க்ரோல்:

2026 ஒலிம்பிக்ஸுக்கு அந்த பிரச்சனையே இல்ல. உக்ரைன் போரால ரஷ்யாவுக்கு வந்த தடைக்கு அப்புறம் நடுநிலை வீரர்களா ஒரு பிரிவுக்கு ஒருத்தர் தான் போக முடிஞ்சுது, மூணு ஸ்பாட் எல்லாம் கனவு. ரெண்டு தடவை நேஷனல்ஸ் ஜெயிச்ச பெட்ரோசியன் 2025 செப்டம்பர்ல பெய்ஜிங்ல நடந்த அந்த ஒலிம்பிக்ஸ் தகுதிச்சுற்றுக்கு போய் முதல் இடம் வாங்கிட்டு வந்தாங்க, யாருக்கும் வாய் திறக்க வழியில்ல.

மிஷின்_கட்சி:

பெட்ரோசியன் யாரோட ஸ்டூடண்ட்னு கேளுங்க முதல்ல.

பழைய_டேப்:

எட்டெரியோட. ஆனா நேஷனல்ஸ் ஜெயிச்சுட்டு தான் போனாங்க தம்பி, கோவ்துனுக்கு கிடைக்காதது அது.